தொற்றுநோயைத் தெருவிலேயே நிறுத்துவது எப்படி: தமிழ்நாட்டின் உள்ளூர்ப் பொது சுகாதார அமைப்பு செயல்படும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காய்ச்சல் வந்தவருக்கு மருத்துவம் பார்ப்பது மருத்துவமனையின் வேலை. அந்தக் காய்ச்சல் அடுத்த வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது பொது சுகாதாரத் துறையின் வேலை. இவை இரண்டும் வெவ்வேறு பயிற்சியையும் வெவ்வேறு ஆட்களையும் கேட்கும் பணிகள் என்பதைச் சென்னை மாகாணம் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, 1922-இல் பொது சுகாதாரத்துக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், குடிநீர், கழிவுநீர், கொசு, தொற்றுநோய் அறிவிப்பு, திருவிழாக்காலச் சுகாதாரம் ஆகியவற்றை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவக் கல்விக்கு ஓர் இயக்ககம், மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்ககம், நோய்த்தடுப்புக்கென்றே ஓர் இயக்ககம் என்று மூன்றையும் பிரித்து வைத்திருப்பது தமிழ்நாட்டின் பெரிய பலம்.

இந்த வழிகாட்டி வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், பள்ளித் தலைமையாசிரியர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. துறை ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறது, ஏன் அதை அந்த வரிசையில் செய்கிறது, அங்கே பொதுமக்கள் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் செய்தி ஒன்றுதான்: முதல் நோயாளியைப் பற்றிய தகவல் எத்தனை நாளில் களப்பணியாளரின் கைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே மற்ற அனைத்தும் பயன் தருகின்றன அல்லது வீணாகின்றன.

படி 1: உங்கள் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அறிந்துகொள்ளுங்கள்

கிராமப்புறத்தில் அமைப்பின் கடைசிக் கண்ணி, துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒருவர் என்பது பொதுவான அளவுகோல். அவருக்கு இணையாகக் குடிநீர், கொசு, காய்ச்சல் கண்காணிப்பு ஆகியவற்றைப் பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். இவர்களுக்கு மேலே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் என்று பொறுப்பு விரிகிறது. கொசுவழி நோய்களுக்கு மாவட்ட மலேரியா அலுவலரும் பூச்சியியல் வல்லுநர்களும் துணை நிற்கிறார்கள்.

நகரங்களில் அமைப்பு வேறு. மாநகராட்சியில் மாநகர்நல அலுவலரும் நகராட்சியில் நகர்நல அலுவலரும் தலைமை தாங்க, துப்புரவு ஆய்வாளர்கள், கொசு ஒழிப்புப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், நகர்ப்புற சுகாதார செவிலியர்கள் களத்தில் நிற்கிறார்கள். இங்கே இவர்கள் உள்ளாட்சி அமைப்பின்கீழ் இயங்குவதால், குப்பை, குடிநீர், சாக்கடை ஆகியவற்றைக் கவனிக்கும் பொறியியல் பிரிவுடன் ஒரே கூரையின்கீழ் பேசித் தீர்க்க முடியும். கிராமத்திலோ சுகாதார ஆய்வாளர் குறை கண்டுபிடிக்கலாம். குழாயைச் சரிசெய்ய வேண்டியது ஊராட்சி. இந்த இரண்டு கைகளும் சேராத ஊரில்தான் வயிற்றுப்போக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிறது.

உங்கள் பகுதிச் செவிலியர், ஆய்வாளர் ஆகிய இருவரின் அலுவலகத் தொலைபேசி எண்களை ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவை கிடைக்காத நேரத்தில் மாநில அரசின் 104 சுகாதார உதவி எண்ணைப் பயன்படுத்தலாம்.

படி 2: நோய் இல்லாத நாளில் வரைபடம் தயாராக வேண்டும்

தொற்று பரவிய பிறகு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. ஆகவே நல்ல சுகாதார ஆய்வாளர் தம் பகுதியின் கைவரைபடம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். எந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து எந்தத் தெருக்களுக்கு நீர் போகிறது, குடிநீர்க் குழாய் எந்தெந்த இடங்களில் சாக்கடையைக் கடக்கிறது, கடைசிக் குழாய் எந்த வீட்டு வாசலில் இருக்கிறது, டயர் கடைகளும் பழைய இரும்புக் கடைகளும் கட்டுமானப் பணிகளும் எங்கே இருக்கின்றன, செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் எங்கே தங்கியுள்ளன என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றில் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஏனெனில் வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டைப் பட்டியலிலும் இல்லாத குடும்பங்களின் குழந்தைகளே தடுப்பூசியிலும் விடுபடுகிறார்கள்.

திருவிழா நடக்கும் ஊர்களுக்கு இதே வரைபடம் இன்னும் விரிவாகத் தேவைப்படும். அந்தக் காலத்தில் காலரா யாத்ரீகர்களுடனே ஊர் ஊராகப் பயணம் செய்தது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் திருவிழாக்களுக்கென்று தனியே விதிகள் வகுத்ததற்கு அதுவே காரணம். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் தற்காலிகக் கழிப்பறை, அன்னதானக் கூடங்களின் ஆய்வு, குடிநீர்க் குளோரினேற்றம் ஆகியவை தீபத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே திட்டமிடப்பட வேண்டும்.

படி 3: நோயின் செய்தியைப் பிடித்தல்

இதுவே முழு அமைப்பின் மையம். 2004-இல் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று வகைத் தகவல்களைத் திரட்டுகிறது. களப்பணியாளர் அறிகுறியை மட்டும் வைத்துப் பதிவு செய்வது ஒன்று; மருத்துவர் பரிசோதித்து ஐயப்பட்டுப் பதிவு செய்வது இரண்டு; ஆய்வகம் உறுதிசெய்து பதிவது மூன்று. முன்பு வாரம் ஒருமுறை தாளில் போன இந்தத் தகவல்கள், 2021 முதல் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் உடனுக்குடன் ஏறுகின்றன.

மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் பலரும் ஆய்வக உறுதியைச் சொல்வார்கள். நான் முதலாவதையே சொல்வேன். ஒரே தெருவில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று செவிலியர் தம் பதிவேட்டில் எழுதும் நாளுக்கும், ஆய்வகம் ஒன்று டெங்கு என்று உறுதிசெய்யும் நாளுக்கும் இடையே பல நாட்கள் கழிந்துவிடக்கூடும். காரணம் இன்னதென்று தெரியும்வரை காத்திருக்காமல், "வழக்கத்தைவிட அதிகம்" என்ற ஒன்றை மட்டும் வைத்து அமைப்பு நகரத் தொடங்க வேண்டும். அதற்கு வழக்கம் எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் ஒன்றும் நடக்காத வாரங்களிலும் பதிவேடு தவறாமல் எழுதப்படுகிறது. நோயாளி ஒருவரும் இல்லாத வாரத்தில் "இல்லை" என்று அனுப்பப்படும் அறிக்கையும் ஓர் அறிக்கைதான். அது வராவிட்டால், நோய் இல்லையா அல்லது பார்க்க ஆள் இல்லையா என்று எவருக்கும் தெரியாது.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் தலைமையில், அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில் 1980-களில் தொடங்கிய திட்டத்தில், தனியார் மருத்துவர்களும் அரசு மருத்துவர்களும் அச்சிட்ட அஞ்சலட்டையில் நோயாளியின் விவரத்தை நிரப்பி அனுப்பினார்கள். கணினி இல்லை, இணையம் இல்லை. ஆனாலும் மருத்துவருக்குத் தேவையான தகவல் திரும்பிச் சென்றதால் அவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். தகவலை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாத எந்த அமைப்புக்கும் தனியார் மருத்துவர்கள் நெடுநாள் ஒத்துழைப்பதில்லை என்பதை இன்றைய அலுவலர்களும் நினைவில் கொள்வது நல்லது.

இங்கே பொதுமக்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வகுப்பில் ஒரே வாரத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பல மாணவர்கள் காய்ச்சலால் வராதபோதும், ஒரு தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு தொடங்கும்போதும், விருந்து ஒன்றுக்குப் பிறகு பலருக்கு வாந்தி வரும்போதும், மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் திடீரென்று அதிகம் விற்கும்போதும் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிவிட வேண்டும். நோயின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் வேலை அன்று.

படி 4: முதல் 24 மணி நேரமும் அடுத்த ஒரு வாரமும்

தகவல் வந்ததும் ஆய்வாளர் நேரில் செல்ல வேண்டும். அவர் முதலில் செய்வது, நோயாளிகளின் வரிசைப் பட்டியல் தயாரிப்பது. பெயர், வயது, தெரு, நோய் தொடங்கிய நாள், குடிக்கும் நீரின் மூலம், கடந்த 2 வாரங்களில் சென்று வந்த ஊர்கள், பகல் நேரத்தில் இருக்கும் இடம் ஆகியவை அதில் இடம்பெறும். பட்டியலை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், நோயாளிகள் ஒரே குழாய்வழியில் இருக்கிறார்களா, ஒரே பள்ளியில் படிக்கிறார்களா, ஒரே விருந்தில் சாப்பிட்டார்களா என்பது பெரும்பாலும் அன்றைக்கே புலப்பட்டுவிடும்.

"பகல் நேரத்தில் எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்வி சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. ஆகவே நோயாளியின் வீட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, அவர் நாள் முழுவதும் இருக்கும் பணிமனையையோ பள்ளியையோ விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

டெங்குவில் வேகம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ், காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, காய்ச்சல் தொடங்கிய பிறகு ஏறத்தாழ 5 நாள் வரை இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீரை அடைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதாவது, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து துறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வாரம். அந்த வாரத்துக்குள் அங்கிருக்கும் முதிர்கொசுக்களைக் கொன்று, கொசுப்புழுக்களை அழித்துவிட்டால் அந்தத் தெருவில் அடுத்த சுற்று நோயாளிகள் வரமாட்டார்கள். இரண்டாம் நாள் தகவல் கிடைத்தால் இது முடியும்; பத்தாம் நாள் மருத்துவமனையின் பட்டியல் வந்து சேர்ந்தால், கொசுக்கள் ஏற்கெனவே அடுத்தவர்களைக் கடித்திருக்கும். பிறகு அவர்களுக்கு 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் வரும். எல்லா அறிக்கைகளிலும் "24 மணி நேரத்துக்குள்" என்று எழுதப்படுவது இதனால்தான்.

பரிசோதனையிலும் நாள்கணக்கு உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனையும், அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா சோதனையும் பொருந்தும். மூன்றாம் நாள் ஐ.ஜி.எம். எடுத்து "இல்லை" என்று வந்தால், டெங்கு இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மாதிரிகள் மாவட்ட ஆய்வகங்களுக்கும், தேவைப்படும்போது 1899-இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிலையத்துக்கும், சென்னையில் உள்ள மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்துக்கும் செல்கின்றன.

படி 5: கொசுவை அது பிறக்கும் இடத்திலேயே அழித்தல்

புகை மருந்து அடிக்கும் வண்டி தெருவுக்குள் வந்தால்தான் அரசு வேலை செய்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். உறுப்பினர்களும் அதையே கேட்கிறார்கள். புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் முதிர்கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் நெளியும் கொசுப்புழுவை அது தொடுவதே இல்லை. ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணிகளுக்குப் பின்னாலும் ஓய்வெடுப்பதால், தெருவில் அடிக்கும் புகை அதைச் சரியாகச் சென்றடைவதும் இல்லை. நோயாளி உறுதியான இடத்தில், வீட்டுக்குள்ளும் சேர்த்து, உடனே அடிக்கும் மருந்துக்கு மதிப்பு உண்டு. ஊர் முழுக்க அடிக்கும் புகையால் மக்களுக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கிறது. அந்த ஆறுதல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதைத் தள்ளிப்போட வைப்பதால் அதைத் தீமை என்றே நான் கருதுகிறேன்.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏடிஸ் வளர 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே ஒவ்வொரு வீட்டையும் வாரம் ஒருமுறை பார்த்துத் தேங்கிய நீரை அகற்றினால், ஒரு தலைமுறையும் பறக்க முடியாது. வாரக் கணக்கு தவறினால் உழைப்பு முழுதும் வீண். இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்வதால், உங்களைக் கடிக்கும் கொசு அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீடுகளிலோ பிறந்ததுதான். சாக்கடைக் கொசு இதுவன்று. இது தெளிந்த நீரைத் தேடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் டயரும் தேங்காய்ச் சிரட்டையும் மழைக்காலத்தில் ஆபத்தானவை. ஆனால் ஆண்டு முழுவதும் கொசுவை வளர்ப்பவை சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய், மூடாத தரைமட்டத் தொட்டி ஆகியவையே. சில நாட்களுக்கு ஒருமுறை குடிநீர் வரும் ஊரில் மக்கள் நீரைச் சேமித்துத்தான் ஆக வேண்டும். அதனால் மழை பெய்யாத மாதத்திலும், வறட்சியிலும்கூட டெங்கு வருகிறது. நீரை நாள்தோறும் தருவது டெங்குத் தடுப்பின் ஒரு பகுதி என்பதைக் குடிநீர் வாரியமும் ஊராட்சிகளும் ஏற்கும் வரை இந்தச் சுமை வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழும். தொட்டியை வெறுமனே காலி செய்தால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே உட்சுவரைத் தேங்காய்நாராலோ பிரஷாலோ நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். காலி செய்ய முடியாத தொட்டியில் பணியாளர் டெமிபாஸ் என்னும் மருந்தை இடுவார். அபேட் என்று ஊரில் சொல்வதும் இதைத்தான். குடிநீரிலும் இடத்தக்க அளவில், 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) விகிதத்தில், கலக்கப்படுவதால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. கிணறுகளிலும் பெரிய தொட்டிகளிலும் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா, கப்பி மீன்களை விடுவது மற்றொரு வழி.

வேலை நடந்ததா என்பதை அளக்க மூன்று குறியீடுகள் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 100 வீடுகளைப் பார்த்ததில் 8 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8 விழுக்காடு. அந்த வீடுகளில் நீர் இருந்த 250 கலன்களில் 12 கலன்களில் புழு இருந்தால் கலன் குறியீடு 4.8 விழுக்காடு. 100 வீடுகளுக்கு 12 புழுக்கலன்கள் என்பதால் பிரெட்டோ குறியீடு 12. வீட்டுக் குறியீடு 10 விழுக்காட்டைத் தாண்டினால் பரவல் ஆபத்து அதிகம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வார்டு கூட்டத்தில் "புகை அடித்தீர்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக "சென்ற வாரம் வீட்டுக் குறியீடு எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பூட்டிய வீடுகள், காலிமனைகள், அரசு அலுவலகக் கூரைகள் ஆகியவற்றை யார் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். இவை மூன்றும் பணியாளரின் கணக்கில் எளிதில் விடுபடுபவை.

படி 6: குடிநீர்

காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலையின் சில வகைகள், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு எதிராகத் துறையின் கையில் இருக்கும் முதல் ஆயுதம் குளோரின். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம். எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5 பி.பி.எம். இருப்பது நல்லது. தொட்டியில் அளந்து திருப்தி அடைவதில் பயனில்லை. கடைசிக் குழாயில் அளக்க வேண்டும்.

கணக்கு எளிது. 1 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 லட்சம் லிட்டர் தொட்டிக்கு 1 பி.பி.எம். குளோரின் தேவை என்றால் 100 கிராம் குளோரின் வேண்டும். 33 விழுக்காடு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் அது ஏறத்தாழ 300 கிராம். நீரில் அழுக்கு அதிகமானால் குளோரினை அது தின்றுவிடுவதால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பவுடரை வாளியில் குழம்பாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். திறந்து வைத்த மூட்டையிலும் ஈரம்பட்ட மூட்டையிலும் வீரியம் விரைவில் போய்விடும். கணக்கு சரியாக இருந்தும் கடைசிக் குழாயில் குளோரின் இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் குளோரின் மட்டும் ஊரைக் காப்பாற்றாது. நீர் விட்டு விட்டு வரும் குழாயில், நீர் நின்றதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. விரிசலுக்குப் பக்கத்தில் சாக்கடை இருந்தால் அது உள்ளே உறிஞ்சப்படுகிறது. வீட்டில் மோட்டார் வைத்து நேரடியாகக் குழாயிலிருந்து இழுப்பவர்கள் இதைப் பல மடங்காக்குகிறார்கள். நீர் ஏறவில்லை என்று வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கும் வீடுகளில், அந்தப் பள்ளத்தில் தேங்கும் அழுக்கு நீரே அடுத்த முறை குழாய்க்குள் போகிறது. மோட்டாரை அகற்றுவதும் பள்ளக் குழாய்களை உயர்த்துவதும் ஊரில் பகையைச் சம்பாதிக்கும் வேலைகள். ஆய்வாளர் தனியாக அதைச் செய்ய முடியாது. தலைவரும் உறுப்பினரும் கூட நிற்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் துறையின் வரிசை இது: ஐயத்துக்குரிய குழாய்வழி உடனே நிறுத்தப்பட்டு லாரி நீர் தரப்படும். வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுக்கப்படும். ஊருக்குள்ளேயே மருத்துவ முகாம் அமைக்கப்படும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயாளிகளின் மல மாதிரி எடுக்கப்பட்டு, கிருமி அழியாமல் காக்கும் உரிய ஊடகத்தில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். குடிநீர் மாதிரி, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட தூய குப்பியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட வேண்டும். குளோரின் போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்று வரும் அறிக்கையைக் காட்டி, நீரில் குற்றமில்லை என்று வாதிடுவதை ஏற்கக் கூடாது.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. காலரா பழங்கதை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, பழுதான குழாய் உள்ள எந்த ஊரிலும் அது மீளும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினம். ஆயிரக்கணக்கான உயிர்கள் போய், முகாம்களில் மக்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த அந்த வாரங்களில், பிற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் அழைத்துவரப்பட்டு, குடிநீரில் குளோரின் அளக்கப்பட்டு, கழிப்பறைகள் அமைக்கப்பட்டு, குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. பேரழிவைத் தொடர்ந்து எல்லோரும் அஞ்சிய பெருந்தொற்று அங்கே வரவில்லை. தங்கள் வீட்டையும் ஊரையும் விட்டு வந்து உடல்களை அகற்றிய அந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

படி 7: தடுப்பூசியில் விடுபட்டவர்களைத் தேடுதல்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்தவுடன் தொடங்கி 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதம், 5 வயது, 10 வயது, 16 வயது என்று அட்டவணை நீள்கிறது. கர்ப்பம் பதிவாகும்போது வழங்கப்படும் பிக்மி எண் மூலம் தாயும் சேயும் தொடர்ந்து கண்காணிக்கப்படுவதால், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி நிலுவையில் உள்ளது என்பது செவிலியருக்குத் தெரியும். மருந்தைத் தயாரிக்கும் இடத்திலிருந்து ஊசி போடும் இடம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருப்பதும், கலக்கிய தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்குப் பிறகு தூக்கி எறிவதும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்திருக்கச் சொல்வதும் மாற்றக்கூடாத விதிகள்.

தட்டம்மையைத் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு 2 தவணையும் சேர வேண்டும். மாவட்டச் சராசரி 95 என்று இருந்தாலும், விடுபட்டவர்கள் அனைவரும் ஒரே செங்கல் சூளையில் இருந்தால் அங்கே நோய் பரவும். ஆகவே சராசரியைப் பார்த்து மகிழாமல், விடுபட்ட பெயர்கள் எந்த இடத்தில் குவிகின்றன என்று பார்க்க வேண்டும். சூளைக்கு மாலையிலும், கட்டட வேலையிடத்துக்கு விடுமுறை நாளிலும் செவிலியர் செல்ல வாகனம் தருவது வட்டார அளவில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு.

படி 8: மக்களிடம் பேசுதல்

நோய் பரவும்போது மறைப்பது தவறு. நோயாளியை அடையாளம் காட்டுவது அதைவிடத் தவறு. கொரோனாக் காலத்தில் பல நகரங்களில் வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளால் மக்கள் பரிசோதனைக்கே அஞ்சினார்கள். எந்தத் தெருவில் நோய் இருக்கிறது, என்ன அறிகுறி வந்தால் எங்கே போக வேண்டும், எந்தக் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது, மாற்று நீர் எத்தனை மணிக்கு வரும் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னால் வதந்திக்கு இடமிருக்காது. டெங்கு என்றால், காய்ச்சல் குறையும் நாட்களில்தான் ஆபத்து கூடும் என்பதையும், கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரூபென் போன்ற வலிமாத்திரைகளை விழுங்கக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

படி 9: எப்போது முடிந்தது என்று முடிவு செய்தல்

நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததும் முகாமைக் கலைத்துவிடுவது பெரும் தவறு. கடைசி நோயாளிக்குப் பிறகு, அந்நோயின் அதிகபட்ச அடைகாலத்தை (கிருமி உடலுக்குள் புகுந்தது முதல் அறிகுறி தெரியும் வரையிலான காலத்தை)ப்போல் இருமடங்கு நாட்கள் புதிய நோயாளி இல்லாமல் கழிய வேண்டும். காலராவின் அடைகாலம் சில மணி நேரம் முதல் 5 நாள் வரை என்பதால் 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை வீடு வீடாகச் செல்வதும் குளோரின் அளப்பதும் நிற்கக் கூடாது.

அதன் பின் எழுதப்படும் இறுதி அறிக்கையில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதோடு, முதல் நோயாளிக்கு நோய் தொடங்கிய நாள், தகவல் துறைக்கு வந்த நாள், ஆய்வாளர் களத்துக்குச் சென்ற நாள் ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் இடையே உள்ள நாட்களைக் கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ கேட்டு வாங்குங்கள். அறிக்கையின் கடைசிப் பத்தியில் எந்தக் குழாய், எந்த இடத்தில், யாரால், எந்தத் தேதிக்குள் மாற்றப்படும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அந்தத் தேதி செப்டம்பர் முடிவைத் தாண்டக் கூடாது. அன்று சுகாதார ஆய்வாளரும் ஊராட்சிச் செயலரும் அந்த இடத்துக்குச் சேர்ந்து சென்று, புதிய குழாயின் கடைசி முனையில் குளோரின் அளந்து, அந்த அளவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.